அழைப்பு வந்தது, போகவில்லை

"கூப்பிட்டும் ஏம்மா போகல?"

என் பதினோரு வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்று வரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது இந்தியக் கால்பந்து அணியைப் பற்றி. எனக்குக் கேட்டது வேறு.

இந்த வருடம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் சார்ட் பேப்பரை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் சமையலறை டப்பாக்களை வைத்து, அவள் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட். இந்திய அணி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வெளிநாட்டு அணிகளோடு மோதிய கதையை வருட வாரியாக எழுத வேண்டும். வகுப்பில் பாதிக்கு மேல் கிரிக்கெட். இவள் கால்பந்து என்று பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அவள் பந்தைத் தொட்டே நான்கு மாதம் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் பெண் குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். கோச் ஒரு இளம்பெண். பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என் மகளை இரண்டு வருடம் முன்பு அங்கே சேர்த்தது நான்தான். மூச்சுத் திணறல் உள்ள குழந்தை, ஓடினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். ஓட்டத்துக்காகச் சேர்த்தவள் தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். அவளைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் கோச் வைத்த பட்டப் பெயர் 'ரயில்வே கேட்'. என் கணவருக்கு அதில் ஒரே பெருமை. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை அவருக்கு. களைத்து வந்தாலும், "இன்னிக்கு கேட் எத்தனை தடவை மூடுச்சு?" என்று கேட்பார். "ட்ரெயினே வரலப்பா, எல்லாரும் பயந்துட்டாங்க" என்பாள் இவள்.

போன ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஒரு போட்டி. பதினான்கு பேர் போகலாம். யார் யார் என்பதை மைதானத்தில் படிக்க மாட்டார் கோச். அதற்கு முந்தைய வருடம் அப்படிப் படித்து, பெயர் வராத குழந்தைகளின் பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் தேர்வானவர்களின் அம்மாக்களுக்கு மட்டும் தனித்தனியாக வாட்ஸ்அப் அனுப்புவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு வந்தது. துணி காயப்போட மொட்டை மாடியில் நின்றிருந்தேன். 'வாழ்த்துகள் மேடம். நம்ம ரயில்வே கேட் செலக்ட் ஆயிட்டா. அடுத்த வெள்ளி கிளம்பி திங்கள் திரும்புவோம். விருப்பம் உள்ள அம்மாக்களும் கூட வரலாம். சனி மாலைக்குள் ஒப்புதல் அனுப்பவும்.'

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையில் இருந்த ஈரத்துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது பயம் வந்துவிட்டது. ரயிலில் மூச்சுத் திணறினால்? தெரியாத ஊரில் தங்கும் இடத்தில் பாத்ரூம் கதவு சரியாக மூடாவிட்டால்? பதினோரு வயது. நான் பெரியவளானதும் பதினோரு வயதில்தான். அவளுக்கு அங்கே வைத்து அப்படி ஏதாவது ஆகிவிட்டால்? முழு ஆண்டுப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

இன்னொன்றும் இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. பொங்கலுக்கு வந்த நாத்தனார் இவளைப் பார்த்ததும், "என்ன அண்ணி, வெயில்ல விட்டு இப்படிக் கரிக்கட்டையா ஆக்கி வெச்சிருக்கீங்க? நாளைக்கு யாரு வருவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அப்போது நானும் சிரித்தேன். ஆனால் மொட்டை மாடியில் அந்த வார்த்தையும் என்னோடு நின்றது.

அம்மாக்களும் வரலாம் என்று அந்த மெசேஜிலேயே இருந்தது. நான் கூடப் போயிருக்கலாம். இவ்வளவு பயந்த எனக்கு அது மட்டும் ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே பையை எடுத்து வைத்துவிடுவார் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "மா, கோச் அக்கா மெசேஜ் பண்ணாங்களா?"

"இல்லையேடா."

சனிக்கிழமை பயிற்சிக்குப் போய்விட்டு வந்து கேட்டாள். "இப்ப பாரேன். நெட் ஆன்ல இருக்கா?"

"இருக்கு. வரல."

அன்று மாலை, கடைசி நேரத்தில், அவள் குளிக்கும்போது பதில் அனுப்பினேன். 'அவளுக்குக் காலில் கொப்புளம். பூட்ஸ் போட முடியவில்லை. அனுப்ப இயலாது. தேர்வானது அவளுக்குத் தெரிய வேண்டாம், ரொம்ப ஏங்கிப் போய்விடுவாள்.' கொப்புளம் முழுப் பொய் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய புது பூட்ஸ் டிசம்பரில் கடித்தது. ஆறி மூன்று வாரம் ஆகியிருந்தது. கோச் எதையோ எழுதுகிறார் என்று திரையில் வெகுநேரம் காட்டியது. கடைசியில் வந்தது இரண்டே வார்த்தை. 'சரிங்க மேடம்.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கேட்கவில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நான் செலக்ட் ஆகலபோல" என்று மட்டும் சொன்னாள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்தது இந்தக் கைதான்.

கோயம்புத்தூர் போன அணி மூன்றாவது இடம் பிடித்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணினாள். "மா, பதிமூணு பேர்தான் இருக்காங்க. பதினாலு பேர் போலாம்." மறுபடி எண்ணினாள். "ஒரு இடம் காலியா இருந்திருக்கு. அப்பகூட என்னைக் கூப்பிடலயே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அடுப்பில் ஏதோ இருப்பதைப்போல எழுந்து போய்விட்டேன்.

மார்ச் மாதத்தோடு பயிற்சிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். "ஹோம்வொர்க் நெறைய இருக்கும்மா" என்றாள். அப்பா கேட்டதற்கு, "கேட்டுக்கு ரிப்பேர்ப்பா" என்றாள். அவர் சிரித்தார். எனக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் சில வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சார்ட்டில் வருடத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தாள். பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்து, அதைப் பார்த்து எனக்கும் கதை சொல்லிக்கொண்டே எழுதினாள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ், நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது. "ரெண்டு பெனால்டி மிஸ் பண்ணிட்டாங்கம்மா, ரெண்டு!" என்று நேற்று நடந்ததுபோலத் தலையில் அடித்துக்கொண்டாள். 1951-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காவது இடம். 1962-ல் ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாவது. நம் அணி இவ்வளவு தூரம் போயிருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். கடைசிக் கட்டத்தில் ஒட்ட, அந்த மாதம் பெண்கள் அணி தாய்லாந்தில் தாய்லாந்தையே ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்தாள்.

1950 கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இதுக்குப் படம் இல்லையா?" என்று கேட்டேன்.

"படம் எப்படி இருக்கும்? அந்த வருஷம் பிரேசில்ல வேர்ல்ட் கப். நம்மளோட ஆட வேண்டிய டீமெல்லாம் விலகிட்டாங்க. நமக்கு இடம் தானா வந்துச்சு. ஆனா நாம போகல." அப்போதுதான் தலையைத் தூக்கிக் கேட்டாள். "கூப்பிட்டும் ஏம்மா போகல?"

எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, சின்ன வயதில் கேள்விப்பட்டதைச் சொன்னேன். "பூட்ஸ் போடாம ஆடக் கூடாதுன்னுட்டாங்களாம்டா. நம்மாளுங்க வெறுங்கால்லதானே ஆடுவாங்க."

"ஐயோ, அது சாக்கும்மா!" என்றாள். புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா அது உண்மைக் காரணம் இல்லையாம். இங்க பாரு. கப்பல்ல ரொம்ப தூரம், ப்ராக்டிஸுக்கு டைம் இல்லன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. பிரேசில்காரங்க செலவுல பெரும்பகுதிகூடத் தர்றோம்னு சொன்னாங்களாம். இங்க இருந்த பெரியவங்களுக்கு அது அவ்ளோ முக்கியம்னு தோணல. அவ்ளோதான். பூட்ஸ் மேல பழியப் போட்டுட்டாங்க."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆடறவங்ககிட்ட யாராச்சும் கேட்டிருப்பாங்களாம்மா?"

"தெரியலடா."

"அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் வேர்ல்ட் கப்புக்குள்ள போகவே இல்ல." பென்சிலைக் கடித்தபடி அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு, எந்தக் கோபமும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். "என்னையெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டிருந்தா வெறுங்கால்லயே போயிருப்பேன்."

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அவகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் 'கேட்' என்ற வார்த்தையைச் சொல்வதே இல்லை.

கோச்சுக்கும் போன் செய்தேன். அவர் அதற்குள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்கா" என்றார். "நீங்க மெசேஜ் பண்ண அன்னிக்குக் காலையிலகூட அதே பூட்ஸோட என்கிட்ட ஒண்ணரை மணி நேரம் ஓடினா. கொப்புளம் இருக்கறவ அப்படி ஓட மாட்டா. ஆனா அம்மாவே வேணாம்னு சொல்றப்ப நான் என்ன பண்ண முடியும்? லிஸ்ட்ல அவ பேரை அடிக்காம, வேற யாரையும் சேர்க்காம வெச்சிருந்தேன். கடைசி நேரத்துல மனசு மாறுவீங்கன்னு நெனச்சேன்."

மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா. அவளை மறுபடி அனுப்புங்க. அந்தக் கால் சும்மா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர்தான் பேச்சை முடித்தார்.

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது சார்ட் வகுப்புச் சுவரில் தொங்கியது. 1950 கட்டத்தில் அவள் படம் எதுவும் ஒட்டவில்லை. அழகாக எழுதியிருந்தாள்: 'அழைப்பு வந்தது. போகவில்லை. காரணம் சரியாகத் தெரியவில்லை.' டீச்சர் பக்கத்தில் வந்து, "நல்லா பண்ணியிருக்கா, நீங்க ஹெல்ப் பண்ணீங்களா மேடம்?" என்று கேட்டார். கத்தரித்துக் கொடுத்தேன் என்றேன்.

அடுத்த மாதம் அதே மைதானத்தில் புதிய கோச் ஒருவர் அணி தேர்வு நடத்தப்போகிறார். இந்த முறை நானே பேச்செடுத்தேன். புது பூட்ஸ் வாங்கலாம், வெளியூர் என்றால் நானும் கூட வருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "வேணாம்மா. எடுக்க மாட்டாங்க. போன தடவையே தெரிஞ்சு போச்சே" என்று சொல்லிவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். வயது வரம்புப்படி இந்தப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்த வாட்ஸ்அப் மெசேஜை நான் அழிக்கவில்லை. எத்தனையோ முறை அவளிடம் காட்ட போனை எடுத்திருக்கிறேன். 'நம்ம ரயில்வே கேட் செலக்ட் ஆயிட்டா' என்ற வரியைப் பார்த்தால் அவள் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு நேர் கீழே நான் எழுதிய கொப்புளம் இருக்கிறது. மேலே உள்ளதைக் காட்டி, கீழே உள்ளதை மறைக்க வழியில்லை. அழிக்கலாம்தான். அழித்துவிட்டுக் காட்டினால் அது இரண்டாவது பொய்.

சொன்னால், தான் நன்றாக ஆடுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். கூடவே, 'மெசேஜ் வரல' என்று இரண்டு நாளும் கண்ணைப் பார்த்துச் சொன்ன அம்மாவையும் தெரிந்துகொள்வாள். சொல்லாவிட்டால், அம்மா மேல் உள்ள நம்பிக்கை பத்திரமாக இருக்கும். தன் மேல் உள்ளது போய்விடும். அவளைப் பத்திரமாக வைக்க நினைத்துத்தான் அன்று அப்படிச் செய்தேன். எதைப் பத்திரப்படுத்தினேன் என்று இப்போது தெரியவில்லை.

இதைப் படிக்கும் அம்மாக்களே, சின்ன வயதில் இப்படி ஓர் அழைப்பு மறைக்கப்பட்டு வளர்ந்தவர்களே, உங்களிடம் கேட்கிறேன். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் அவளிடம் அந்த மெசேஜைக் காட்டலாமா? காட்டுவதென்றால், முதல் வார்த்தையாக அவளிடம் என்ன சொல்ல வேண்டும்?