புரட்டாசியில் பேய்ப் படம்

புரட்டாசி பிறந்தால் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள் ரமணி. சனிக்கிழமை தோறும் பெருமாளுக்குத் துளசி, பொங்கல். அப்படிப்பட்ட மாதத்தில்தான் அவளுடைய நாத்தனார் புஷ்பவள்ளி, சாயங்காலம் ஆனால் போதும், பேய்ப் படம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மலாய்ப் பேய், சயாம் பேய், கொரியாப் பேய் என்று ஒன்று பாக்கியில்லை. நல்ல மாசத்தில் இது என்ன கண்ராவி என்று முணுமுணுத்தபடி ரமணி டிவிக்கு விபூதி பூசிவிட்டுப் போவாள்.

புஷ்பவள்ளிக்கு நாற்பது தாண்டிவிட்டது. தசை நலியும் நோய் சின்ன வயதிலேயே காலை வாங்கிக்கொண்டது. இப்போது நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது. இரவில் மூச்சு இயந்திரம் இல்லாமல் தூக்கமில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடி பிளாட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு துணிக்கடைக்குப் போனில் ஆர்டர் எடுக்கிறாள். யாருக்கும் பாரமில்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வருஷம் கோவிட் வந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. இன்னொரு முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்த புதிதில் அண்ணன் தங்கராஜு வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டார். அப்புறம் ஊரோடு சேர்ந்து கழற்றிவிட்டார். கோவிட் முடிந்துவிட்டதாம். ஊருக்கு முடிந்தது, சரி, அவளுக்கு யார் முடித்து வைத்தார்கள்? ஒரு தடவை கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள். நச்சரிப்புக்காரி என்று பெயர் வாங்க மனமில்லாமல் விட்டுவிட்டாள். பேய்ப் படம் பார்க்கும் பழக்கம் அப்போது பிடித்ததுதான். படத்தில் ஒரு வீடே சேர்ந்து பயப்படுகிறது. இங்கே அவள் ஒருத்தியாகப் பயந்துகொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் தங்கராஜு ஃபேக்டரியிலிருந்து இருமிக்கொண்டே வந்தார். கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சலாம். தங்கைக்குக் கை தூக்க முடியாத நாட்களில் அவர்தான் ஊட்டுவார். அன்றும் படத்தின் நடுவே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு பிசைந்து நீட்டினார். புஷ்பவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது. நாற்காலியை அறைக்குள் ஓட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரமணிக்கு வேறு என்ன தோன்றும்? பேய்ப் படம் வேலையைக் காட்டிவிட்டது, பெண் நன்றாகப் பயந்துவிட்டாள்! மறுநாள் காலையிலேயே வேப்பிலையும் மந்திரித்த கயிறுமாக ஒரு பூசாரியை அழைத்து வந்துவிட்டாள். பின்னாலேயே அக்கம்பக்கத்தார் நாலு பேர். ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை. பூசாரி உள்ளங்கையில் விபூதியை வைத்து, அவள் முகத்துக்கு நேரே ஊதக் குனிந்தார்.

“ஊதாதீங்க சாமி.”

குரல் கீச்சென்று வந்தது. பேய்தான் பேசுகிறது என்று பின்னால் நின்றவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். புஷ்பவள்ளி அவர்களை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

“எனக்குப் பேய் பயமில்லண்ணே. நேத்து இருமுனீங்க பாருங்க, அதான் பயம். ஒங்ககிட்டேருந்து எனக்கு வந்து, நான் போயிட்டேன்னா, அப்புறம் நீங்க எப்படிண்ணே இருப்பீங்க?”

தங்கராஜு எல்லாரையும் வெளியே கூட்டிப்போனார். மந்திரித்த கயிற்றை யாருக்கும் கட்டாமல் திருப்பி அனுப்பினால் ஆகாது என்று ரமணி பிடிவாதம் பிடித்தாள். அவர் பூசாரியிடம் தன் கையை நீட்டினார்.

“எனக்குக் கட்டுங்க சாமி. மாஸ்க் மாட்டுனா, அவ போயிருவான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இருந்திச்சு. அதான் கழட்டிப் போட்டேன்.”

மத்தியானம் கோவிட் சோதனை செய்து பார்த்ததில் தங்கராஜுவுக்கு இரண்டு கோடு விழுந்தது, தொற்றுதான். பையை எடுத்துக்கொண்டு, கடல் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட் ஊரில் சும்மா கிடந்த கூட்டாளியின் வீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, ரமணி தனக்கும் சோதித்துப் பார்த்தாள். ஒரு கோடுதான். யாரும் சொல்லாமலே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, சோறு பிசைந்து நாத்தனார் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“நேத்து அந்தச் சோத்த மட்டும் நீ வாங்கியிருந்தீன்னா...”

புஷ்பவள்ளி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.