எட்டு கிலோ காற்று

காற்றையும் கிலோ கணக்கில்தான் அளப்பார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர் அம்மாவின் தம்பியான மாமா. எண்ணூர் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்த அவர், என் அத்தையின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைக் கம்ப்ரசரை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு காலடிப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் வந்து இறங்கினார். எனக்கு ஒன்பது வயது. சந்தே வேடிக்கை பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்குச் சீராகப் போக வேண்டிய பீரோ பழையது, அங்கங்கே துரு. மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அது மயில் நீலத்தில் புதிதாக மாறியாக வேண்டும். துருவைப் பார்த்து அங்கே என்ன பேசுவார்களோ என்று அத்தைக்குச் சோறே இறங்கவில்லை. கன்டெய்னர் யார்டில் பெயிண்டராக இருந்த அப்பா, மேஸ்திரியிடம் கேட்டு ஸ்பிரே கன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"கன்னுக்கு எத்தினி கிலோ வோணும் மாமா?" என்று அப்பாவைக் கேட்டார் மாமா.

"மூணு."

"நம்ம டேங்குல எட்டு கீது. மூணு போனாலும் அஞ்சு மிச்சம்."

அப்பாவும் தலையாட்டினார். யார்டில் குழாயைத் திறந்தால் நாள் முழுக்கக் காற்று வரும். அது எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததே இல்லை. மாமாவுக்கோ டயர் நிரம்பினால் வேலை முடிந்தது. இரண்டு மேதைகளும் சேர்ந்து சுவிட்சைப் போட்டார்கள்.

பீரோக் கதவின் மேல்பாதி கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. நான் குதித்தேன். அடுத்த நொடியே கன் இருமியது. புகை மாதிரி வந்துகொண்டிருந்த பெயிண்ட் சொட்டுச் சொட்டாய்த் தெறித்து, கீழ்ப்பாதிக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. மாமா கன்னைத் திட்டினார். அப்பா கம்ப்ரசரைத் திட்டினார். அத்தையின் கண் கலங்கிவிட்டது.

ஆனால் டேங்கின் அழுத்தம் காட்டும் மீட்டரைக் குனிந்து பார்த்தது அவள்தான். முள் இரண்டில் கிடந்தது.

"எட்டு கிலோ இருந்தது கரீக்டுதான். கன்னு குடிக்கிற வேகத்துக்கு கம்ப்ரசர் ரொப்ப மாட்டேங்குது. நிறுத்தி நிறுத்தி அடிண்ணா" என்றாள்.

தெறித்ததை அப்பா தின்னர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். முள்ளைக் காவல் காக்கும் பெரிய பதவி எனக்குக் கிடைத்தது. அது எட்டைத் தொட்டதும் சந்து அதிரக் கத்துவேன். அப்பா எழுந்து கொஞ்ச இடம் அடிப்பார். மூன்றுக்கு இறங்கியதும் "ஸ்டாப்" என்பேன். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவும் அத்தையும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து, சின்ன வயதில் அப்பா அவளைச் சைக்கிளோடு சாக்கடையில் தள்ளிய கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் இறங்குவதற்குள் பீரோவில் முகம் தெரிந்தது. துரு இருந்த இடமே தெரியவில்லை. அப்பா கன்னைக் கழற்றப் போனார்.

"பின்பக்கம் இன்னொரு கோட்டு அடிண்ணா" என்றாள் அத்தை.

"செவுத்தோட ஒட்டி நிக்கப் போறத யாரு பாக்கப் போறா?" என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. வாளியை இழுத்துப் போட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். கம்ப்ரசர் மறுபடி உறுமியது, முள் மெல்ல அசைந்தது. சீக்கிரம் ஏறு, சீக்கிரம் ஏறு என்று அதை அவசரப்படுத்திக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.