ரத்னா வைத்த பசை அட்டை

ரத்னா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் செல்போன் கம்பெனியில் போன்களைப் பூட்டும் லைனில் நிற்கிறாள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டாள் என்ற பேச்சே கிடையாது. செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் காலை நேரம் முழுக்க ஊர் நூலகத்தில் உட்கார்ந்து அஞ்சல்வழி பி.காம். படிப்பாள். எலி புத்தகங்களைக் கடிக்கிறது என்று நூலகர் ஜெபகுமார் புலம்பியபோது, கம்பெனி கேன்டீனில் பார்த்த மாதிரியே, எலி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டைகளை வாங்கிவந்து அலமாரி மேலெல்லாம் வைத்தவளும் அவள்தான். கம்பெனியில் ஜன்னலே திறக்காது. எலியைத் தவிர வேறெதுவும் உள்ளே வராது. நூலகத்தின் உடைந்த ஜன்னல் அவள் நினைப்பில் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அட்டையில் ஒட்டிக் கிடந்தது வௌவால். ஒரு றெக்கை முழுக்கப் பசையில். வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. ரத்னா அட்டையை மெதுவாக இறக்கி மேசையில் வைத்தாள். ஜெபகுமார் நல்ல மனுஷர்தான், ஆனால் வௌவாலைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவர். கடித்தால் ஊசி போடணும், அட்டையோடு மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்றார்.

"நான் வச்ச பசை சார். நான்தான் எடுக்கணும்."

பசையை இளக்க டீக்கடையில் எண்ணெய் வாங்கிவர அவரையே துரத்தினாள். பாத்ரூம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டி, வௌவாலின் தலையைத் துண்டால் மூடி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். அவசரப்பட்டால் றெக்கை கிழிந்துவிடும். பாதி பிரிந்தபோது வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் தலையே நிமிரவில்லை. பஸ் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் சுபாஷ் போன் செய்தார். லைனுக்கு வராதவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஜுரம்தான், இல்லையென்றால் சொந்தத்தில் ஒரு சாவு. ஜெபகுமார் போனை அவள் காதில் பிடித்தார்.

"இன்னாமா, ஜுரமா?"

"ஜுரம்லாம் இல்ல சார். நான் வச்ச பசையில ஒரு வௌவால் மாட்டிக்கினு கீது. அத்த எடுத்துனு இருக்கேன்."

 சரி, நாளைக்கு வந்து சேர் என்று சொல்லி சுபாஷ் போனை வைத்துவிட்டார்.

றெக்கை கிழியாமல் வந்தது. ஈரத்துணியால் எண்ணெயைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்துப் பொழுது சாயும்வரை காவல் இருந்தாள். பிறகு வாசல் வேப்பமரக் கிளையில் துண்டைக் கட்டி அதில் தொற்றவிட்டாள். அது அசையாமல் தொங்கியது. இத்தனை பாடும் வீணா என்று அவளுக்குக் கண் கலங்கியது. சட்டென்று கீழே விழுந்தது, விழும்போதே றெக்கையை விரித்து ரோட்டைத் தாண்டிப் போனது.

ரத்னா உள்ளே வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, மிச்ச அட்டைகளை எல்லாம் எடுத்து மூடினாள். அப்போ எலிக்கு என்ன வழி என்று ஜெபகுமார் கேட்டார்.

"கூண்டு வைக்கலாம் சார். தப்பா எதுனா மாட்டினா தொறந்து வுடலாம்."