வாயை மட்டும் அசை

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி ஆசிரியர்களுக்கு அவர் பாட்டு வாத்தியார், பிள்ளைகளுக்குச் சுருதிப்பெட்டி. மனைவிக்கு, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், எங்க வீட்டு வித்துவான்.

சிறு வயதில் ஏதோ ஒரு பாட்டுப் போட்டியில் அவர் ஒரு சோப்புப்பெட்டியைப் பரிசாக வாங்கிவிட்டார். ஒரு சோப்புப்பெட்டியால் ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்க முடியுமோ அவ்வளவும் அது கெடுத்தது. அன்றிலிருந்து தன் காது மற்றவர்களுடைய காது போன்றது இல்லை என்று நம்பத் தொடங்கினார். பெரியவரானதும் வானொலி நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போனார். எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வு செய்கிறவர்களுக்குக் காது அடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். தெரிந்தவர் வீட்டு விருந்துகளில் பாடினார். அவர் தொண்டையைச் செருமியதும் கூட்டத்துக்குப் பசி எடுத்துவிடும். கடைசியில் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்த மாமா கை கொடுத்தார். மாமாவுக்குப் பாட்டும் தெரியாது, படிப்பும் தெரியாது. கமிட்டியை மட்டும் நன்றாகத் தெரியும்.

அப்படித்தான், பிள்ளைகளின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்கவே பிடிக்காத ஒருவர், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கொடுத்த அறை மாடியில் கடைசி. பக்கத்தில் வேதியியல் கூடம். அங்கே எதையாவது காய்ச்சினால் இங்கே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாட வேண்டும். கால் உடைந்த பெஞ்சுகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய ஆர்மோனியம். அதில் ஒரு கட்டை அழுத்தினால் பேசாது. அந்தக் கட்டை வருகிற இடங்களில் வாத்தியார் கண்ணை மூடி, அனுபவித்துத் தலையை ஆட்டிக் கடந்துவிடுவார்.

ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் எப்படிப் பாடுவார்கள் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டு பாடுவார்கள். ஆண்பிள்ளைகள் பேருந்துக்குக் குரல் கொடுப்பதுபோலப் பாடுவார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவரத்தான் சம்பளம். வாத்தியாருக்கோ அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் தட்டு.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்வார். கையில் பென்சிலுடன், கழுத்தை நீட்டி, ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் காதைக் கொண்டுபோவார். எந்த வாயில் சுருதி விலகுகிறதோ, அந்தப் பிள்ளையின் தோளில் பென்சிலால் ஒரு தட்டு.

"நீ இனிமே வாயை மட்டும் அசை."

அவ்வளவுதான். எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்கிற பேச்சே கிடையாது. தட்டு வாங்கிய பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்வரை ஊமைதான். பிள்ளைகள் அதற்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைத்தார்கள். "உனக்கு ஆசீர்வாதம் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

முதல் முறை இரண்டு மூன்று பேரைத் தட்டியதும் பாட்டு கொஞ்சம் சுத்தமாகக் கேட்டது. வாத்தியாருக்கு ஞானம் பிறந்துவிட்டது. கழிக்கக் கழிக்கத்தான் சங்கீதம் என்று முடிவு கட்டினார். பிறகு வருடத்துக்கு வருடம் தட்டுகள் கூடின, குரல்கள் குறைந்தன. ஆண்டுவிழாவில் நான்கு பேர் பாடினார்கள், மேடை நிறையப் பிள்ளைகள் வாயைத் திறந்து மூடினார்கள். பெற்றவர்கள் கைதட்டினார்கள். தன் பிள்ளையின் வாய் அசைந்தால் போதாதா அவர்களுக்கு.

வீட்டில் முதல் தட்டு வாங்கியவள் மனைவி. அவள் தையல்காரி. கல்யாணமான புதிதில் மிஷினை மிதித்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். வாத்தியார் கதவருகில் வந்து நின்று, முகத்தைச் சுளித்து, "கொஞ்சம் விலகுது" என்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருக்கும்போது அவள் வாய் திறந்து முனகியதில்லை. அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஆரம்பிப்பாள். வித்துவான் கிளம்பிவிட்டார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

இப்படி ஊமைப் பிள்ளைகளை உண்டாக்கிக்கொண்டே அவர் ஓய்வு பெற்றிருப்பார். புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்து கெடுத்தார். கணக்குப் படித்தவர். ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவர் மாடியின் கடைசிக்கும் வந்துவிட்டார்.

"இங்க என்ன சார் நடக்குது?"

"பாட்டு வகுப்பு மேடம்."

"சத்தத்தையே காணோம்?"

"சுருதி சேர்த்துட்டு இருக்கோம்."

அவர் உடைந்த பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தார்.

"இந்த வருஷம் மாவட்டக் குழுப்பாட்டுப் போட்டியில ஏதாவது ஒரு இடம் வாங்குங்க. வாங்கினா பாட்டு பீரியட் இருக்கட்டும். இல்லைன்னா அதைக் கணக்குக்குக் குடுத்துடுவேன்."

"அப்ப நான், மேடம்?"

"உங்களுக்கு வேற வேலை பார்ப்போம்."

வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாட்டு வாத்தியார் என்கிற பெயர் போய்விட்டால் மிச்சம் இருப்பது அந்தச் சோப்புப்பெட்டிதான். அதுவும் மூடி இல்லாமல் குளியலறையில் கிடந்தது.

மற்ற யாராக இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு முதலிலிருந்து பழக்கியிருப்பார்கள். இவர் பென்சிலை எடுத்துக்கொண்டு வரிசையில் நுழைந்தார்.

குழுவில் ஒரு நல்ல குரல் இருந்தது. இஸ்திரிக்கடைக்காரர் மகன், ஒன்பதாம் வகுப்பு. மணி போன்ற குரல், கூடத்தின் கடைசிவரை போகும். அந்தக் குரலை யாரும் அழுக்காக்கக் கூடாது என்று வாத்தியார் மிச்சமிருந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தட்டினார். கடைசியாகத் தட்டு வாங்கியவள் தபால்காரர் மகள். அன்றுவரை பாடுகிற வரிசையில் இருந்தவள்.

"அப்ப நான் எதுக்கு சார் வரணும்?"

"வரிசை நிரம்ப வேணாமா?"

ஆக, பாடுவது ஒருவன், வாயசைப்பது மற்ற எல்லோரும். அந்த வாயசைப்பைப் பழக்குவதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கே மூச்சு இழுக்க வேண்டும், எங்கே புருவத்தை உயர்த்த வேண்டும், எங்கே உருக வேண்டும் என்று உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் பாட்டு அது. சொற்கள் தமிழாசிரியருடையவை. மெட்டு தன்னுடையது என்று வாத்தியார் சொன்னார். எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

குழுவுக்கு நீலச் சட்டை தைக்கும் வேலை மனைவி தலையில் விழுந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"பாடுறது ஒருத்தன்தானே? சட்டை மட்டும் எல்லாருக்குமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியுதுங்க. மத்ததெல்லாம் பொம்மை. பொம்மைக்கும் சட்டை போட்டுத்தானே கடையில நிறுத்துறாங்க."

போட்டி நெருங்கும்போது இஸ்திரிக்கடைக்காரர் மகனுக்கு மேலுதட்டில் நிழல் விழுந்தது. கழுத்தில் முடிச்சுத் தெரிந்தது. தெருவுக்கே தெரிந்தது. பாட்டு வாத்தியாருக்கு மட்டும் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த வயதுப் பையன்களோடு இருந்தவர். ஒவ்வொரு வருடமும் அவர்களுக்குக் குரல் உடையும். ஒவ்வொரு வருடமும் அவர் அதைச் சோம்பேறித் தொண்டை என்று சொல்லித் தட்டிவிட்டுப் போய்விடுவார். போய்விட்டதால் அது என்ன என்று தெரிந்துகொள்ளும் தேவை அவருக்கு வரவில்லை.

சட்டையைத் தேய்க்கக் கொடுக்கப் போன இடத்தில் இஸ்திரிக்கடைக்காரரே சொன்னார்.

"சார், பையன் போன் எடுத்தா நான்னு நினைச்சுப் பேசுறாங்க. நேத்து ஒருத்தர் அவன்கிட்டயே, உன் பையன் எப்படியிருக்கான்னு கேட்டிருக்காரு."

"ஐஸ் எதுவும் குடுக்காதீங்க. வெந்நீர் குடுங்க."

"ஐஸுக்கும் இதுக்கும் என்ன சார் இருக்கு?"

"நான் சொல்றதைச் செய்ங்க."

போட்டிக்கு முந்தின நாள் ஒத்திகையில் குரல் மேலே ஏறும் இடத்தில் பையனின் தொண்டை வழுக்கியது.

"சார், மேல போக மாட்டேங்குது."

"மனசு வச்சா போகும்."

"வச்சுத்தான் சார் பார்த்தேன்."

"நல்லா வை."

அன்று மனைவி கடைசிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, "மத்த பிள்ளைங்களையும் பாடச் சொல்லலாமேங்க, பாவம்" என்றாள்.

"நல்ல சோத்துல நானே கல்லைப் போடணுமா?" என்றார் அவர்.

போட்டி நகரக் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் தலைமையாசிரியை. அவருக்குப் பின்னால், தான் தைத்த சட்டைகள் மேடையில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வந்த மனைவி. நீலச் சட்டைகள் வரிசையாக ஏறி நின்றதும் கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவ்வளவு அழகு, அவ்வளவு ஒழுங்கு. வாத்தியார் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தலையை ஆட்டினார்.

பையன் வாயைத் திறந்தான். தகரக் கதவு ஒன்று திறந்ததுபோல ஒரு சத்தம் வந்தது. அவன் திடுக்கிட்டான். ஆனால் நன்றாகப் பழக்கப்பட்ட பையன். சுருதி விலகினால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவன் வாயை மட்டும் அசைத்தான்.

மேடை முழுக்க வாய்கள் ஒன்றாகத் திறந்தன, ஒன்றாக மூடின. புருவங்கள் உயர்ந்தன. உருக வேண்டிய இடத்தில் எல்லோரும் உருகினார்கள். ஆர்மோனியம் மட்டும் தனியாக எங்கோ போய்க்கொண்டிருந்தது. பேசாத கட்டை வந்தபோது அதுவும் நின்றது.

"மைக்கைப் பாருப்பா" என்றது ஒரு குரல். "சத்தம் வைப்பா" என்றது இன்னொன்று. நடுவராக வந்திருந்த அம்மாளும் கையை உயர்த்தி, "மைக் போயிடுச்சு போல, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

தெய்வமே இறங்கி வந்து கையை நீட்டியதுபோல வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நின்று, "மைக் செத்துப்போச்சு அம்மா. உயிரைக் குடுத்துப் பாடிட்டு இருக்காங்க பிள்ளைங்க" என்றார். தலைமையாசிரியையும் எழுந்து, இவ்வளவு தயாராக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மைக்கா என்று கேட்டார்.

மைக்செட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தலை நரைத்த மனிதர். வாடகைக்கு ஒலிபெருக்கி விட்டே தன் பிள்ளைகளைக் கரையேற்றியவர். மேடையேறி மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துத் தட்டினார். கூடம் அதிர்ந்தது.

"என் மைக்கா செத்துப்போச்சு? யார் செத்துப்போனாங்கன்னு பார்ப்போம் இருங்க."

அவர் வரிசையின் முதலில் போய் நின்று, முதல் பிள்ளையின் வாய்க்கு முன் மைக்கை நீட்டினார். ஒலிபெருக்கியில் ஒரு மூச்சுக் கேட்டது. அடுத்த வாயில் எச்சில் விழுங்கும் சத்தம். அதற்கடுத்து ஒரு சிரிப்பு, அடக்கியும் அடங்காமல். வாத்தியார் வருடக்கணக்கில் காதை நீட்டி நடந்த அதே மாதிரி, அவர் மைக்கை நீட்டி நடந்தார். தபால்காரர் மகளிடம் நின்றார்.

"பாடும்மா."

"நான் பாடுற ஆள் இல்லண்ணா. வாயசைக்கிற ஆள்." கூடத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது.

"இவங்க?"

"இவளும்தான்ணா. இந்த வரிசையே வாயசைக்கிற வரிசை."

"பின்னாடி வரிசை?"

"அது போன வருஷமே ஆயிடுச்சுண்ணா."

"யாருதாம்மா பாடுறது?"

எல்லா விரல்களும் இஸ்திரிக்கடைக்காரர் மகனைக் காட்டின. மைக் அங்கே போனது. அவன் அப்பாவின் குரலில் சொன்னான்.

"நான்தான்ணா. இப்பலருந்து நானும் வாயசைக்கிற ஆள்."

கூடம் சிரித்தது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள்கூடக் குழந்தையை மடியில் கிடத்திவிட்டுச் சிரித்தார்கள். தலைமையாசிரியை மட்டும் மெல்ல உட்கார்ந்தார்.

நடுவர் அம்மாள் நல்ல மனுஷி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லம்மா. எல்லாரும் சேர்ந்து பாடுங்க. எப்படி வந்தாலும் கேட்கிறோம்" என்றார்.

பிள்ளைகளுக்குப் பாட்டுத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெரியும், மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரியும். எல்லோரும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரர் மகள் மூச்சைக்கூட இழுத்துவிட்டாள். அவர் கண்ணைக் காட்டினால் போதும். போட்டியில் ஏதாவது ஓர் இடம் கிடைத்திருக்கலாம், அறையும் பீரியடும் பெயரும் மிஞ்சியிருக்கலாம். ஆனால் வரப்போகும் சத்தம் அவர் காதில் முன்கூட்டியே விழுந்துவிட்டது. முகம் சுளித்தது. கை தானாகக் காதுக்குப் போய்ப் பென்சிலை எடுத்தது.

இழுத்த மூச்சை அவள் சத்தமில்லாமல் வெளியே விட்டாள். வரிசை மேடையை விட்டு ஒழுங்காக இறங்கியது. அவர்களைப்போல ஒழுங்காக இறங்கிய குழு அன்று வேறு இல்லை.

மறுநாள் தலைமையாசிரியை வாத்தியாரைக் கூப்பிட்டார். திட்டவில்லை.

"நூலகத்துக்கு ஆள் இல்ல சார். பிள்ளைங்க பேசிட்டே இருக்காங்க. சத்தம் வராம பார்த்துக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு நேத்து கண்ணால பார்த்தேன்."

அவர் சொன்னது சரிதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக வாத்தியார் ஒரு வேலையில் முழு வெற்றி பெற்றார். பென்சிலுடன் மேசைகளுக்கு நடுவே நடப்பார். யாராவது கிசுகிசுத்தால் தோளில் ஒரு தட்டு. ஊசி விழுந்தால் கேட்கும். மாடியின் கடைசி அறையில் இப்போது கணக்கு நடக்கிறது. ஆர்மோனியம் உடைந்த பெஞ்சுகளோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

நூலகத்துக்குப் போன முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் வந்தது. அவர் வந்துவிட்டார் என்பது மனைவிக்குத் தெரியும். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். அவர் கதவருகில் வந்து நின்றார்.

அவள் மிஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல."

அவள் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள். முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக. கொஞ்சம் விலகத்தான் செய்தது.