மூன்று குழாய் ரத்தமும் ஒரு கிரகணமும்

வழக்கமாக இங்கே பைக் பயணங்களைத்தான் எழுதுவேன். சென்ற மாதம் புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் குடும்பத்தோடு பேருந்தில் போனது ரத்தம் கொடுக்க. எங்கள் மகன் கதிர் பிறக்கும்போதே அவனுடைய சிறுநீர்ப் பாதையை ஒரு சவ்வு அடைத்திருந்தது. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வருகிற கோளாறு. கைக்குழந்தையாக இருந்தபோதே அறுவை சிகிச்சை செய்து நீக்கிவிட்டார்கள். அது ஏன் வருகிறது, மரபணுவில் காரணம் இருக்கிறதா என்று தேடும் ஒரு மருத்துவக் குழு எங்கள் மூவரையும் அழைத்திருந்தது.

என் மனைவி செல்விக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும். கதிர் வயிற்றில் இருந்தபோது, சூரிய கிரகணத்தன்று அரிவாள்மனையில் மீன் அறுத்துவிட்டாள். செய்யூரில் இருக்கும் என் பெரியம்மா இதைக் கண்டுபிடித்து, விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் காரணமில்லை என்று நான் தலைகீழாக நின்று சொல்லியும் செல்வி கேட்கவில்லை. பிறகு அவள் மீனில் கத்தி வைத்ததே இல்லை. சந்தையிலேயே வெட்டி வாங்கி வருவோம். கடற்கரையில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத்தான் தெரியும்.

காலை ஏழு மணிப் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒன்றேகால் மணி நேரம். கதிரின் சிறுநீர்ப்பை இன்னும் பலவீனம் என்பதால், வந்தாலும் வராவிட்டாலும் அவன் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஆகவே இந்த மாவட்டத்தில் கழிப்பறை எங்கே என்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திருக்கழுக்குன்றத்தில் இறங்கப் போனபோது நடத்துநர், "இன்னா அண்ணாத்த, இப்பத்தானே ஏறுனீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் திரும்பும்வரை வண்டியை நிறுத்தியே வைத்திருந்தார்.

செங்கல்பட்டில் அந்தக் குழு நடத்திய முகாமில் ஓர் இளம் பெண் டாக்டர், ஆணுக்குச் சதுரம் பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டார். சொந்தத்தில் திருமணமா, வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். கடைசியில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றதும் செல்வி கிரகணத்தைச் சொல்லிவிட்டாள். எனக்கு மானம் போனது. டாக்டர் சிரிக்கவில்லை. அப்போது எத்தனையாவது மாதம் என்று மட்டும் கேட்டார்.

"ஏழாம் மாசம்மா. வளைகாப்பு முடிஞ்சி அம்மா வூட்ல இருந்தேன்."

"இந்த அடைப்பு முதல் மூணு நாலு மாசத்துக்குள்ளயே உருவாகிடும்மா. நீங்க மீன் வெட்டும்போது அது ஏற்கெனவே இருந்திருக்கு."

செல்வி விரல்விட்டு எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

மரபணுவில் காரணம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கிடைத்தாலும் அது யாருடைய தப்பும் இல்லை என்றார் டாக்டர். நாளைக்குப் பிறக்கப்போகும் எவனோ ஒரு பையனுக்காக எங்கள் மூன்று குழாய் ரத்தம் அவர்களுடைய குளிர்ப்பெட்டிக்குள் போனதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசிக்கு அழாத கதிருக்கு அதைவிடப் பெருமை.

திரும்பும்போது மாமல்லபுரம். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கதிர் தள்ளிப் பார்த்தான். எல்லோருக்கும் போலவே அவனுக்கும் அது அசையவில்லை. பிறகு கழிப்பறையில் என்னைக் கூப்பிட்டு, "இன்னா ஃபோர்ஸு பாத்தியாப்பா?" என்றான். சொட்டுச் சொட்டாகப் போன பிள்ளை. சிற்பங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இப்படி அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். எங்களுக்கு வெறும் வயிறு தேவைப்படவில்லை, இருந்தாலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன்களை எடுத்துப் போங்கள். முக்கியமாக, பிள்ளையின் அம்மாவைப் பேச விடுங்கள், எவ்வளவு அபத்தமாகத் தோன்றினாலும். பெரியம்மாவுக்கு இந்தப் பதிவின் லிங்க்கை அனுப்பியிருக்கிறேன்.

புதுப்பட்டினத்தில் இறங்கியதும் செல்வி நேராகச் சந்தைக்குப் போனாள். வழக்கமாக எங்களுக்கு மீன் கொடுக்கும் அக்கா, கேட்காமலேயே சங்கராவை எடுத்துக் கத்தியில் வைத்தார்.

"வோணாங்க்கா," என்றாள் செல்வி. "முழுசா குடு. நானே அறுத்துக்கிறேன்."