காலை ஐந்தேகாலுக்கே முடிந்த ஷிப்ட்

கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் நின்றேன். வேலை செய்தேன் என்று சொல்லவில்லை, நின்றேன் என்கிறேன். எங்கள் லைனில் யாருக்கும் நாற்காலி கிடையாது. லைன் லீடருக்கு மட்டும் ஒன்று உண்டு. ஒரு கால் ஆடும், சாய்ந்தால் கிறீச்சிடும், ஆனாலும் நாற்காலி. கெண்டைக்கால் நரம்பு கயிறு மாதிரி புடைத்த பிறகு, உலகத்தில் வேறு எதன்மேலும் எனக்கு ஆசை இல்லை.

பழைய லீடர் கல்யாணமாகிப் போனதும், மூன்று மாதம் என்னைப் போட்டுப் பார்ப்பதாக மானேஜர் சொன்னார். லீடர் வேலை உறுதி என்ற கடிதம் கைக்கு வராமல் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று நானே வீம்பு பிடித்தேன். உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டால் மானம் என்னாவது?

லைனை நடத்துவது எனக்குத் தூசு. ஆனால் ஷிப்ட் முடிந்ததும், அன்று நடந்ததை இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும். மகளின் பழைய இலக்கணப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டேன். அதற்கு அவள் போட்ட சண்டை தனிக்கதை. மூன்று வரிசையில் வினைச்சொற்கள். கோ, வென்ட், கான். போனால் போனதுதானே, அதற்காக ஆளே மாறிப்போக வேண்டுமா? ‘கட்’டும் ‘புட்’டும்தான் நல்ல பிள்ளைகள், நேற்றும் இன்றும் ஒரே முகம். கம்பெனி பஸ்ஸில் நான் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு மற்ற பெண்களும் தொடங்கிவிட்டார்கள். வாலாஜாபாத் வருவதற்குள் பஸ் முழுக்க ஈட், ஏட், ஈட்டன். “இன்னாம்மா, மார்கழி பஜனையா?” என்பார் டிரைவர்.

ஷிப்ட் இரண்டரைக்கு முடியும், பஸ் இரண்டே முக்காலுக்குக் கிளம்பிவிடும். கால் மணி நேரத்தில் எனக்கு இரண்டு வரிதான் வரும். அதனால் காலை ஐந்தேகாலுக்கு, வரும் பஸ்ஸிலேயே எழுதத் தொடங்கினேன். எனக்கு முன்னாலேயே பெருநகர் ஸ்டாப்பில் ஏறி, உத்திரமேரூரில் ஏறும் எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைக்கும் தோழி ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

“நேத்து ரிப்போர்ட்டாக்கா?”

“இன்னிக்கிது.”

“இன்னும் விடியவே இல்லியேக்கா! அதுக்குள்ள இன்னா நடந்துச்சின்னு எழுதிக்கினு கீற?”

“தெனம் அதேதான்டி நடக்குது. மெஷின் ஓடுச்சி, ஒயர் வெட்டுனோம், டார்கெட் முட்ச்சோம். வேற இன்னா நடந்துடப் போவுது?”

உண்மையிலேயே இரண்டரை மாதம் வேறெதுவும் நடக்கவில்லை. கர்வம் ஏறி, ‘வி வென்ட் ஹோம் ஹேப்பிலி’ என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள், பத்து மணிக்கு ஒயர் வெட்டும் மெஷின் நின்றது. மெக்கானிக் லீவு. மானேஜரே அடியில் படுத்து இரண்டு மணி நேரம் மல்லாடி, முகமெல்லாம் கிரீஸாக எழுந்தார். டார்ச் பிடித்தவள் நான். அப்படியும், இரண்டரைக்குப் பழக்கதோஷத்தில் காலையில் எழுதியதை அவர் மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறப்போனேன். செக்யூரிட்டி ஓடிவந்து கூப்பிட்டார்.

மானேஜர் இன்னும் முகம் கழுவவில்லை.

“மெஷின் ரொம்ப நல்லா ஓடிச்சுன்னு போட்டிருக்கீங்க. அப்போ அதுக்கு அடியில படுத்துக்கினு இருந்தது யாரும்மா?”

மேஜையில் என் பெயர் அடித்த கடிதம் இருந்தது, கையெழுத்தில்லாமல். சமாளிக்க ஒரு பொய் வாய்வரை வந்தது. அவர் முகத்துக் கிரீஸைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது.

“காலைலயே எழுதிடுவேன் சார். அப்பறமா எழுதுனா பஸ்ஸு பூடும். எனக்கு இங்கிலீஷு மெதுவாத்தான் வரும்.”

“தினமுமா?”

“தெனமும் சார்.”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போனார். தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த ஆடும் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

“ஒக்காந்து எழுதும்மா. தப்பா இருந்தாலும் பரவால்ல, நடந்ததை எழுதுங்க. பஸ்ஸு நிக்கும்.”

எழுதினேன். மெஷின் ஸ்டாப்ட். அவர் படுத்ததற்கு என் பட்டியலில் ஒன்றுதான் கிடைத்தது: ‘சார் ஸ்லெப்ட் அண்டர் மெஷின் டூ அவர்ஸ்.’ அவர் இரண்டு முறை படித்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். ரிப்போர்ட்டை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்; அது மட்டும் மேலதிகாரிகளுக்குப் போகவில்லை.

இருபது நிமிடம் காத்திருந்த பஸ் மொத்தமும் என்னைத் திட்டியது. தோழி மட்டும் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“ஒக்காந்தியாக்கா?”

“ஒக்காந்தேன்டி,” என்றேன். அழுகை வந்துவிட்டது.