அழகுக்காக மூடிய வீதி

யுத்தம் முடிந்த கையோடு கொழும்புக் கோட்டைக்கு அழகு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கட்டிடங்களுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். நல்ல தாரைக் கிளறிவிட்டுக் கல் பதித்தார்கள். யாரும் உட்காராத இரும்பு வாங்குகள், ஆளுயரச் சீமெந்துச் சாடிகளில் வாடிப்போன செடிகள். இதற்குப் பெயர் பாரம்பரியமாம்.

என் கணவர் அப்படிக் கல் பதித்த ஒரு வீதியில், ஒரு கப்பல் கொம்பனியில் முப்பது வருடம் லிகிதராக இருந்தவர். யுத்த காலத்தில் அதே வீதியைக் குண்டுக்குப் பயந்து மூடியிருந்தார்கள். தினமும் சோதனைச் சாவடியில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நடந்தார். ஓய்வு பெற்ற பிறகும், பென்சனுக்காக, உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை அங்கே நேரில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும்.

வீதியை அழகுபடுத்திய வருடம் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ நிறுத்தும் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரை வீதியால் போனோம். கோட்டையில் வீதி முனையில் பிளாஸ்டிக் தடுப்பு. தொப்பி போட்ட காவலாளி கையைக் காட்டினான்.

"ஓட்டோவுக்கு இடமில்லை. வெளிநாட்டுக்காரர் படம் எடுக்கிற இடம். நடந்து போங்க" என்றான் சிங்களத்தில்.

கணவரின் ஊன்றுகோலைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவேயில்லை. அந்நேரம் பின்னால் ஒரு சுற்றுலா பஸ் வந்தது. ஓடிப்போய்த் தடுப்பை இழுத்து, சல்யூட்டும் அடித்து உள்ளே விட்டான்.

"விடும், மெல்ல நடப்பம்" என்றார் கணவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

இறங்கினேன். அவன் மூடிய தடுப்பை நானே இழுத்துத் தள்ளினேன். "போங்கோ தம்பி" என்றேன் ஓட்டோக்காரரிடம்.

"அம்மா, பிரச்சினையாயிடும்."

"நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் நம்பி ஓட்டினார். பின்னால் விசில் கேட்டது. கொம்பனி வாசலில் இறங்கி, கணவரின் கையைப் பிடித்துப் படியேறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வென்றுவிட்ட மிதப்பு.

உள்ளே இருந்த பெண் அடையாள அட்டையைப் பார்த்தாளே தவிர, முன்னால் நின்ற மனிதரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இருக்கிறார்தானே?" என்று என்னிடம் கேட்டுவிட்டு முத்திரை குத்தினாள்.

வெளியே வந்தபோது ஓட்டோக்காரர் வெயிலில் நின்றார். அவருடைய லைசன்ஸ் ஒரு பொலிஸ்காரனின் சட்டைப் பையில் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கட்டிடங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தடுப்பை இழுத்தது நான். என்ர பெயரை எழுதுங்கோ" என்று சிங்களத்தில் சொன்னேன்.

பொலிஸ்காரன் சிரித்தான். "அம்மா வயசானவ. நீங்க போங்க. இவன் காவலாளியிட்ட மன்னிப்புக் கேட்டால் போதும்."

என்னைக் குற்றவாளியாக்கக்கூட அவனுக்கு மனமில்லை. ஓட்டோக்காரர் அந்தக் காவலாளியிடம் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். முதல் இரண்டும் காதில் விழவில்லையாம். மூன்றாவதுக்குப் பிறகுதான் லைசன்ஸ் திரும்பி வந்தது. அந்தத் தொப்பியையும் விசிலையும் நான் எவ்வளவு வெறுத்தேனோ, வாயை மூடிக்கொண்டு நின்ற என்னையும் அவ்வளவு வெறுத்தேன்.

வீட்டு வாசலில் ஓட்டோக்காரர் சொன்னார்: "அம்மா, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்குன்னா கூப்பிடுங்க, வர்றேன். கோட்டைக்குன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

"ஓம், அது சரிதான்" என்றார் கணவர், என்னைப் பார்க்காமல்.

கோயிலுக்குக்கூட அவரைக் கூப்பிட எனக்கு முகமில்லை. அடுத்த வருடம் வேறொரு ஓட்டோவில் போய், தடுப்புக்கு வெளியே இறங்கி, அந்தக் கற்களில் கால் இடற நடந்தோம்.